நாளைக்கு எந்த வழி?

சுனாமியில் கடல் வந்து குருக்கள்மடத்து வீட்டையும் வேனையும் கொண்டுபோன பிறகு, கதிர்காமத்தம்பி மனைவி இலட்சுமிப்பிள்ளையின் ஊரான மண்டூரில் வந்து ஒதுங்கினான். மூன்று வருடத்துக்கு மேல் பிறத்தியாருடைய உழவு இயந்திரங்களை ஓட்டித்தான் சீவியம். வன்னியில் சண்டை முற்றிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே பிரதேச சபைத் தேர்தல் வைத்தார்கள். புதிதாக வந்த தவிசாளர் அவனைக் கூப்பிட்டுத் தன் வாகனத்தை ஓட்டச் சொல்லித் திறப்பைக் கையில் கொடுத்தார்.

தவிசாளர் தனியாக எங்கும் போகமாட்டார். முன்சீட்டில் துவக்கோடு மெய்ப்பாதுகாவலன் உதயரூபன். பின்னால் கைப்பையும் கைத்தொலைபேசிகளுமாகச் செயலாளர் புண்ணியமூர்த்தி. அவர் சிரித்தால் இருவரும் சிரிப்பார்கள். அவர் இறங்கி எங்காவது உள்ளே போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். இருவரும் முன்பு வெவ்வேறு ஆயுத இயக்கங்களில் இருந்தவர்கள் என்று ஊரில் பேச்சு. கதிர்காமத்தம்பி கேட்கப் போகவில்லை. அந்த மாதம்தான் பக்கத்துச் சபை உறுப்பினர் ஒருவரை வாசலில் வைத்துச் சுட்டிருந்தார்கள். காட்டிக்கொடுத்தவன் அவரோடு கூடவே திரிந்தவன்தானாம்.

ஒருநாள் காலையில் தவிசாளர் அவனைத் தனியே அழைத்தார். “நாளைக்கு மட்டக்களப்பில கூட்டம். கிட்டங்கியால சுத்திப் போவம். ஒருத்தருக்கும் சொல்லாத.”

வழக்கமாக ஏறி உட்கார்ந்த பிறகுதான் வழி சொல்லுவார். இன்றைக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே என்று அவனுக்கு உறுத்தியது.

மத்தியானம் வாவிக்கரையில் வாகனம் கழுவும்போது உதயரூபன் வந்தான். “அண்ணன், நாளைக்கு எந்த வழியால போறம்?”

“துறையால. வாகனத்தப் பாதையில ஏத்தி, வாவியக் கடந்து குருமன்வெளிக்குப் போறம்” என்றான். வாய் தானாகப் பொய் சொன்னது.

பின்னேரம் புண்ணியமூர்த்தி தோளில் கைபோட்டார். “தம்பி, நாளைக்கு எந்த வழி? எனக்கு மட்டும் சொல்லு.”

“வெல்லாவெளியால, அண்ணன்.”

வீட்டுக்கு வந்து இலட்சுமிப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னான். இரண்டு பேரில் எவன்? இருவருமேதானோ? அவள் பயந்துபோனாள். “இஞ்சாருங்க, ஐயாட்டச் சொல்லிருங்க. மறுகா ஒண்டு நடந்தா உங்களத்தான் பிடிப்பாங்க.”

விடிந்ததும் போய் நடந்ததை எல்லாம் சொன்னான். தவிசாளர் சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி சிரித்தார்.

“நான்தான் ரெண்டு பேரையும் கேக்கச் சொன்னன். நீ எப்பிடி எண்டு பாக்கணுமே.”

அவனுக்கு மூச்சு வந்தது. “அப்ப நான் சரியாத்தானே நடந்திரிக்கன், ஐயா?”

“தெரியாது எண்டு சொல்லியிருந்தா நம்பியிருப்பன். நீ ஆளுக்கொரு பொய் சொல்லியிரிக்காய். அதுவும் முகம் மாறாமச் சொன்னியாம்.” கண்ணாடியில் தலையை வாரிக்கொண்டார். “எனக்கு என்ன பொய் சொல்றாய் எண்டு இனி நான் யோசிக்கணும்.”

அன்று உதயரூபன் முன்சீட்டில் ஏறவில்லை. பின்னால், சரியாகக் கதிர்காமத்தம்பியின் பிடரிக்கு நேரே உட்கார்ந்தான். கிட்டங்கியைத் தாண்டி மட்டக்களப்பு வரும்வரை அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

அந்தக் கிழமையே கண் மங்குகிறது என்று சொல்லித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தான். தவிசாளர் ஏன் என்று கேட்கவில்லை. அதை நம்பவும் இல்லை.

அடுத்த வருடம் வன்னியில் சண்டை முடிந்தது. புண்ணியமூர்த்தி வேறொரு பெரிய மனிதரின் பையைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். உதயரூபன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. கதிர்காமத்தம்பி பழையபடி வயல் வட்டையில் உழவு இயந்திரம் ஓட்டினான். ஆனால் பழக்கம் போகவில்லை. காலையில் வெளிக்கிடும்போது இலட்சுமிப்பிள்ளை, “இண்டைக்கு எந்த வயலுக்கு?” என்று கேட்டால், அவள் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவான்.