என் தந்தையின் ஜெபத்தை நான் சொன்ன சனிக்கிழமை

ஐயா, அம்மணி, வாசிக்கும் பெரியோர்களுக்கு என் வணக்கம். நான்காம் வகுப்புக்குமேல் பள்ளிக்கூடம் செல்லாதவள் எழுதுவது; பிழை பொறுத்தருள்க.

திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் ஆட்சி நடந்த காலம். ஆரியசாலையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைதோறும் சபையார் கூடி ஜெபிப்பார்கள். வயதில் இளையவர் தொடங்க, மூத்தவர் முடிப்பது வழக்கம். அந்நாளில் முடிப்பவர் என் தந்தை. அவருடைய ஜெபத்தைக் கேட்பதற்கென்றே தம்பானூரிலிருந்தும் ஆள் வரும். வாரந்தோறும் அதே ஜெபந்தான் என்பதை ஒருவரும் குறையாகக் கூறியதில்லை.

எனக்கு எட்டு வயதானபோது முதன்முறையாக என்னையும் ஜெபிக்கச் சொன்னார்கள். நான் அறிந்த ஜெபம் ஒன்றே. தந்தையின் குரலையே வருவித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவித்தேன். “அடியேனுடைய மனைவிக்குப் பொறுமையைத் தந்தருளும்” என்றபோது உபதேசியார் இருமுவதுபோல் சிரித்தார். “பொறுமை இல்லாமலா இவ்வளவு காலம் இருக்கேன்” என்று அம்மா முணுமுணுத்தாள். “எவர்மீதும் பகையில்லாத அடியேனுடைய இருதயத்தை” என்றபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ஏனெனில் பெரியப்பாவும் என் தந்தையும் பேசி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம்மைக் கேளாமல் நாள் குறித்தார்களென்று பெரியப்பா என் அக்காளின் திருமணத்திற்கு வராதிருந்துவிட்டார். அதுவரை ஜெபத்தை முடித்துவந்தவரும் அவரே.

தந்தையின் முறை வந்தது. முழங்காலிட்டார். பின்பு வீட்டுப் பேச்சிலேயே சொன்னார்: “ஆண்டவரே, எங்க அண்ணன் மேல எனக்குப் பகை இருக்கு. மன்னிக்க மனசு வரல்ல. மனசு வந்த மாதிரி இத்தனை நாளும் உம்மகிட்ட பேசிட்டேன். ஆமென்.”

மறுநாள் ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கரமனைக்கு நடந்தார். பெரியப்பா வாசலில் நின்றார்.

“என்னலே, வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது அண்ணே. கோவம் இன்னும் தீரல்ல. வராம இருக்கவும் முடியல்ல.”

“எனக்கும் தீரல்ல, கேட்டியா. உள்ள வா, சோறு ஆறுது.”

அருகருகே அமர்ந்து, அதிகம் பேசாமல் உண்டார்கள். அடுத்த சனிக்கிழமை பெரியப்பா வந்தார். முடிக்கும் இடம் அவருக்குத் திரும்பியது. என் தந்தை அதைப் புன்னகையோடு விட்டுக்கொடுத்தார்.

அதன்பின் அவர் நீண்ட ஜெபம் செய்ததேயில்லை. பாவம், மறந்துவிட்டார் என்றெண்ணி, முதல் வரியை அவர் காதில் நான் எடுத்துக்கொடுத்ததுமுண்டு. அவர் என் தலையைத் தடவிவிட்டுத் தம் நாலு வார்த்தையையே சொல்வார். அன்று, அவரைவிட நன்றாக ஜெபிப்பவள் நானே என்று பெருமைகொண்டேன். இன்று, அவருடைய மகள் என்பதே என் பெருமை.

இக்காகிதத்தை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி வேண்டுகிறேன்.