ஈரமான பல்லில் எதுவும் ஒட்டாது

தயிர்ச் சோற்றில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கல் என்று நினைத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அடுத்த வாய்த் தண்ணீர் சுரீரென்று பட்டபோதுதான் அது என் முன்பல்லின் பாதி என்று புரிந்தது. ஒட்டிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

அதற்கு முந்தைய மாதம் சித்தூர் பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போது ஓட்டுநர் போட்ட பிரேக்கில், முன்சீட்டுக் கம்பியில் வாய் மோதி மேல்வரிசைப் பல் குறுக்காக உடைந்தது. வேர் நன்றாக இருக்கிறது, காம்போசிட் (பல்லின் நிறத்தில் இருக்கும் கூழ், நீல ஒளி பட்டால் கெட்டியாகும்) வைத்துப் பல்லை மறுபடி உருவாக்கிவிடலாம் என்றார்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு ஆண்டுகள் நாளிதழ் ஒன்றில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தியவள். ஒரு பல்லை ஒட்டுவதில் திருத்த என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

சித்தூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில், முதலில் ஒட்டிய அந்தக் கிளினிக்குக்கே மறுபடி போனேன். அந்த மருத்துவரைப் பற்றி மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நடந்ததை வரிசையாக நினைவுபடுத்திப் பார்த்தபோது அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் உடைந்த விளிம்பில் நீலநிற அமிலக் கூழைத் தடவினார் (பல்லின் பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கி, பசை பிடிக்க இடம் உண்டாக்கும்). கழுவினார். காற்றடித்துக் காயவைத்தார். கைபேசி ஒலித்தது. யாருக்கோ திருமலை தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு எத்தனை பேர், எந்தத் தேதி என்று விசாரித்தார். என் வாய் திறந்தே இருந்தது. எச்சில் ஊறியது. மேலுதடு தளர்ந்து, காயவைத்த பல்லின்மேல் வந்து படிந்தது.

பேசி முடித்து என்னைப் பார்த்தார். "உங்க பேப்பர்ல யாராவது லெட்டர் வாங்கித் தருவாங்களாம்மா?" வாயில் பஞ்சு அடைத்திருந்த ஒருத்தியின் பதிலுக்காகக் காத்திருக்கவும் செய்தார். பிறகு அதே பஞ்சால் பல்லை ஒரு துடை துடைத்துவிட்டுப் பசையைத் தடவினார்.

அந்த ஒட்டு மூன்று வாரம் நின்றது. அதற்கடுத்தது ஒன்பது நாள். ஒவ்வொரு முறையும் பழைய பசையைச் சுரண்டும்போது சொந்தப் பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். நான்காவது முறை போனபோது அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"உங்க வாய் சரியில்லம்மா. எத்தனை வாட்டி ஒட்டினாலும் நிக்காது. எடுத்துட்டு வேற பல்லு கட்டிக்கலாம்."

இந்த ஊரில் சாலை போடுகிறவர்களும் மழையைத்தான் குறை சொல்வார்கள்.

அன்று என் தங்கை வசந்தா உடன் வந்திருந்தாள். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் நகத்தளவு கண்ணாடிகளைச் சட்டத்தில் பசை வைத்து ஒட்டும் பிரிவில் வேலை செய்கிறாள். மூன்றாவது ஒட்டின்போதும் பக்கத்தில் நின்று பார்த்தவள். வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"தொடச்ச பஞ்சாலயே மறுபடி மறுபடி தொடைக்கிறாருக்கா அந்தாளு. நீ பாத்துக்கினுதான இருந்த?"

"வாயத் தொறந்துக்கினு படுத்திருந்தா எனக்கு இன்னாடி தெரியும்?"

"எங்க லைன்ல ஒட்டப்போற எடத்துல மூச்சு பட்டாலே ரிஜெக்ட். வெரலு பட்டா ரிஜெக்ட். வாயத் தொறந்து பேசினா சூப்பர்வைசர் வெளிய தள்ளிடுவாரு. இத்துனூண்டு கண்ணாடிக்கே அப்படி. உன் பல்லு அதவிட மட்டமா?"

"அவரு டாக்டருடீ."

"அது எச்சிலுக்குத் தெரியுமா? ரிப்போர்ட்டருங்கள எத்தினி கேள்வி கேட்டு அழவெச்சிருப்ப? இந்தாளை ஒன்னாவது கேட்டியா?"

கேட்கவில்லை.

திருப்பதியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். நடையில் மொட்டையடித்த தலைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். படிவம் ஒன்று தந்தார்கள். ஈறில் ரத்தம் வருமா, வீட்டு வைத்தியம் ஏதேனும் செய்தீர்களா என்று நீண்டது. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று கோடிழுத்துக் கொடுத்தேன்.

மருத்துவர் தெலுங்குக்காரப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். பல்லைத் தொடவில்லை. மழுங்கிய கம்பியால் ஈறை ஒரு சுற்று தொட்டுப் பார்த்தார். கம்பி முனை சிவந்தது.

"ரத்தம் வருது மேடம். இன்னைக்கு ஒட்டமாட்டேன்."

காலையில் முதல் பேருந்தைப் பிடித்து வந்தவள் என்றேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முகக்கவசத்தைச் சற்று இறக்கி மோந்து பார்த்தார்.

"லவங்க நூனெ வெச்சீங்களா?"

வைத்திருந்தேன். துண்டு விழும்போதெல்லாம் பல் கூசும். பஞ்சில் லவங்க எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொள்வேன். மருத்துவரிடம் போகும் நாட்களில், சுரண்டும்போது வலிக்கக் கூடாதென்று காலையில் கூடுதலாகவே வைப்பேன். சித்தூர்க்காரருக்கும் அந்த வாசனை தெரிந்துதான் இருந்தது. "நல்லா மணக்குதும்மா" என்றுவிட்டு வேலையைத் தொடர்ந்தவர் அவர்.

திருப்பதி மருத்துவர் விளக்கினார். அந்த எண்ணெயில் உள்ள யூஜெனால் (லவங்கத்தின் காரமும் மணமும் இதனால்தான்) பல்லுக்குள் ஊறியிருந்தால், பசையைச் சரியாகக் கெட்டியாக விடாமல் தடுக்கும். எச்சில், காயவைத்த பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படியும். ரத்தம் அதைவிட மோசம். "இது ஒன்னுதான் காரணம்னு சொல்லமாட்டேன் மேடம். உங்க வாய்ல மூணும் இருந்திருக்கு."

படிவத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஒரு நிருபர் இப்படிப் பொய்யும் சோம்பலுமாக எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளை அவர் மேசையிலேயே வீசியிருப்பேன். சித்தூர் மருத்துவர்மேல் எனக்கிருந்த இளக்காரத்தில் சரிபாதி எனக்கும் உரியது. பேருந்தில் ஏறியபின் வசந்தா, "லவங்கத்த கொழம்புல போடுக்கா" என்றாள்.

ஈறைச் சுத்தம் செய்தார்கள். மூன்று வாரம் மெல்லிய பிரஷ், எண்ணெய்க்குத் தடை. பல் கூச்சத்தோடே இருந்தேன். மறுபடி போன அன்று ஈறு சிவக்கவில்லை. ரப்பர் டேம் (வேண்டிய பற்களை மட்டும் வெளியே விட்டு, வாயின் மற்ற பகுதியை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டினார்கள். என் மூச்சு ஒரு பக்கம், என் பல் மறுபக்கம். பசை கெட்டியாகும்வரை அந்த அறையில் யாரும் பேசவில்லை. தொடங்கும் முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார்: "சுரண்ட இனிமே பல் இல்ல மேடம். இதுவும் போச்சுன்னா எடுத்துடணும்."

இதே நாற்காலியில் சாயப்போகிறவர்களுக்கு ஒன்று. ஈறில் ரத்தம் வந்தால் நீங்களே சொல்லுங்கள். பல்லை எப்படி ஈரமில்லாமல் வைப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.

பதினான்கு மாதமாகப் பல் நிற்கிறது. முன்பு என் வாயைப் பேசவும் தின்னவும் வைத்த ஒரு துளை என்றே நினைத்திருந்தேன். அது காயாத ஓர் அறை. காபிக்குச் சுடுகிறது, மோருக்குக் குளிர்கிறது, தூங்கும்போதும் நனைந்துகொண்டிருக்கிறது. நல்ல ஒட்டுக்குள்ளும் எச்சில் மெல்ல மெல்ல இறங்கும் என்கிறார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துவிட்டு, "இருக்கு" என்பார். அடுத்த ஆறு மாதத்துக்குத் தேதி எழுதுவார். என் பல் இப்போது எனக்கு ஆறாறு மாதங்களாகத்தான் கிடைக்கிறது.

போன முறை, ஒரே தடவையாக ஓராண்டு தரக் கூடாதா என்று கேட்டேன்.

"உங்க வாயைக் கேளுங்க மேடம்" என்றார்.

கேட்டேன். அதில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.