பின் சக்கரம் பெரிசா இருந்தா என்ன?

டயர் வாங்க யாரும் ஆசையாகக் கிளம்பி வருவதில்லை. புடவைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் முகம் மலர்ந்து போகிற அதே மனிதர், டயர் கடையில் மட்டும் பல் டாக்டரிடம் வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அந்த முகங்களுக்கு எதிரே நான்கு வருஷம் இருந்தேன். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற ரோட்டில், ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கடை. முதலாளி இப்ராஹிம் பாய். டயரைக் கழற்றி மாட்டுவது துரை அண்ணன். அந்த வேலையில் இருபது வருஷம் ஊறியவர். நான் டெய்சி, பி.எஸ்ஸி. கணிதம், பில் போட வந்தவள். கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர் யாராக இருந்தாலும், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். விற்ற பொருள்தான் வேறாக இருக்கும்.

எண்பதைக் காணோம்

சேர்ந்த முதல் நாள் பாய் ஒரு டயரை என் முன்னால் உருட்டி நிறுத்தினார். பக்கவாட்டில் 165/80 ஆர் 13 என்று இருந்தது. "கணக்கு படிச்ச புள்ளைதானே, இது என்னன்னு கண்டுபிடி" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். நான் ஸ்கேலை எடுத்தேன். அகலம் ஏறக்குறைய 165 மில்லிமீட்டர், சரி. நடு ஓட்டை பதின்மூன்று அங்குலம், அதுவும் சரி. எண்பது மட்டும் எங்கே வைத்து அளந்தாலும் வரவில்லை. ஓட்டையின் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் உள்ள ரப்பரின் உயரத்தை அளந்தால் 132 வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைக்கும்போதுதான் புரிந்தது. எண்பது மில்லிமீட்டரே இல்லை, சதவீதம்! 165-ல் எண்பது சதவீதம், 132.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் துரை அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எண்பதை வண்டி போகக்கூடிய வேகம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டவர்களுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "அதான பார்த்தேன், ஷோக்கான வண்டியில எல்லாம் அறுபத்தஞ்சுன்னு போட்டுகீதே, அது மெதுவாத்தான் போவுமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட்டு."

மூன்று விரல் இடைவெளி

செம்பாக்கத்திலிருந்து சுரேஷ் என்று ஒரு பையன் வந்தான். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை, முதல் கார், சின்ன கார். பந்தயக் கார் படம் ஒன்றைக் கையில் வைத்திருந்தான். "இதுல பாருங்க மேடம், பின்னாடி எவ்ளோ பெரிசா இருக்கு! என் வண்டிக்கும் பின்னாடி மட்டும் அகலமா வேணும்." நான் விளக்கினேன். அந்த வண்டியை இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது, அந்த விசையைத் தாங்கத்தான் பின் சக்கரத்துக்கு அத்தனை ரப்பர். உன் வண்டியை முன் சக்கரம் இழுக்கிறது, பின் சக்கரம் சும்மா கூடவே வருகிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஆனா பார்க்க நல்லா இருக்கும்ல?" என்றான். ஏதாவது சத்தம் கேட்டால் உடனே வரவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் பாய் மாட்டச் சொன்னார்.

பத்து நாளில் வந்தான். பின் சீட்டில் அம்மா, அத்தை, சித்தி. காருக்குள் ரப்பர் கருகுகிற வாடை. துரை அண்ணன் மூவரையும் இறங்கச் சொல்லிவிட்டு, டயருக்கும் அதன் மேலே உள்ள தகரத்துக்கும் நடுவே கையை விட்டார். மூன்று விரல் தாராளமாகப் போனது. மறுபடி ஏறச் சொன்னார். ஒரு விரல்கூடப் போகவில்லை. டயரின் ஓரத்தில் கத்தியால் சீவின மாதிரி ஒரு பட்டை தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் வேகமாகப் போயிருந்தால் வெடித்திருக்கும். அதைப் பார்த்தும் சுரேஷ் யோசித்துக்கொண்டே நின்றான். கடைசியில் பழைய அளவுக்கே மாற்றிக்கொண்டான் என்றால், அதற்குக் காரணம் எங்கள் விளக்கமல்ல, அவனுடைய அத்தை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்: "டயரை மாத்துறியா, இல்ல எங்களை மாத்துறியா, இங்கயே சொல்லிடு."

சுருங்கிப்போன ரோடு

ஏழுமலை அண்ணன் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர். பின் சக்கரம் தள்ளுகிற வேன். ஆள் நிறைய ஏறுகிறார்கள் என்று வேறு ஏதோ கடையில், பின்னால் மட்டும் ஒரு சைஸ் பெரிய டயராகப் போட்டிருந்தார். ஒரு நாள் காற்றுப் பிடிக்க வந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். வீட்டிலிருந்து கம்பெனி வாசல் வரை எப்போதும் மீட்டரில் இருபது கிலோமீட்டர் காட்டும். இப்போது பத்தொன்பதுதான் காட்டுகிறதாம். அறுபதிலேயே போய்க்கொண்டிருந்தும் எல்லா வண்டியையும் தாண்டிவிடுகிறாராம்.

எனக்கு ஒரே குஷி. துரை அண்ணனிடம் சாக்பீஸ் கேட்டு வாங்கினேன். அவருடைய பழைய அளவு டயர் ஒன்று கடையில் இருந்தது. அதில் ஒரு கோடு போட்டுத் தரையில் சரியாக ஒரு சுற்று உருட்டினோம். அடுத்து அவருடைய பெரிய டயரைக் கழற்றி, அதே இடத்திலிருந்து ஒரு சுற்று. பெரியது நாலு விரல் அகலத்துக்கு மேலேயே தள்ளிப் போய் நின்றது. அந்த வேனில் மீட்டர் எண்ணுவது பின் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான், ரோட்டை அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாலு விரல் எண்ணாமல் விட்டால், கேளம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் ஒரு கிலோமீட்டர் காணாமல் போகும். அறுபது என்று காட்டும்போது வண்டி அறுபத்துமூன்றில் போகும். ஏழுமலை அண்ணன் தரையிலிருந்த இரண்டு கோட்டையும் குனிந்து பார்த்தார். முகத்தில் ஏமாற்றம். "நான் ரோட்டை நேர் பண்ணிட்டானுங்கன்னு நெனச்சு, ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேன் மேடம்."

எது முன்னால், எது பின்னால்

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான். பீர்க்கன்கரணை சாலமன் சார், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவர். நாலு டயரும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. இரண்டை மட்டும் இப்போது மாற்றிக்கொள்கிறேன் என்றார். புதியதைப் பின்னால் போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "இஞ்சின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி, நல்ல டயர் மட்டும் பின்னாடியா? என்னம்மா லாஜிக்?" முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும் சார், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி அடங்கும்; பின்னால் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டி திரும்பிவிடும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பின்னால் நாலு வண்டி காத்திருந்தது. வயதில் பெரியவர், வாத்தியார் வேறு. சரி சார் என்று முன்னால் போடச் சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியும் மகளுமாகச் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். ஏரியோரத்து வளைவில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன் சக்கரம் அழகாகப் பிடித்துத் திரும்பியது. பின்பக்கம் மட்டும் விலகி ஓடியது. வண்டி அப்படியே சுழன்று, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு, பின் சக்கரங்கள் கரைச் சேற்றில் புதைய நின்றதாம். இன்னும் ஓரடி போயிருந்தால் ஏரி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் அவரே கடைக்கு வந்து இதைச் சொன்னார். துரை அண்ணன் டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றினார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சாலமன் சார் என்மேல் கோபப்படவில்லை. சாவியை வாங்கும்போது மட்டும் மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு நீ என்கூட இன்னும் ரெண்டு நிமிஷம் சண்டை போட்டிருக்கணும்மா."

மூன்று இலக்கம்

ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்த ஒருவர் 2007-ல் காற்றுப் பிடிக்க வந்தார். பத்து வயதுக் கார், ஓடியதோ கொஞ்சம்தான். டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளமெல்லாம் தேயாமல் புதிது போலவே இருந்தன, பக்கவாட்டில் மட்டும் பொடிப்பொடியாக வெடிப்பு. மாற்றிவிடுங்கள் என்றேன். நம்பவில்லை. கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் 297 என்று இருப்பதைக் காட்டினேன். அது தயாரித்த தேதி. முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இலக்கம் வருஷம். தொண்ணூற்றேழாம் வருஷம், இருபத்தொன்பதாவது வாரம். இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த டயர்களில் நாலு இலக்கம் இருக்கும்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார். விரல்விட்டு வாரங்களை எண்ணினார். ஜூலை மாதம் வந்தது. திடீரென்று முகமெல்லாம் சிரிப்பு. நாலையும் மாத்துங்க என்று சொல்லிவிட்டு, வெடிப்பு விட்ட டயரைத் தட்டிக்கொடுத்தார். "அட, நான் ரிட்டயர் ஆன மாசம்தாம்மா இது டயர் ஆயிருக்கு!"

காரின் கண்ணாடி, கதவு, கைப்பிடி என்று தினமும் துடைத்துத் துடைத்துப் பார்க்கிற மனிதர், தரையைத் தொடுகிற ஒரே பாகத்தில் எழுதியிருப்பதை மட்டும் எங்கள் கடைக்கு வந்துதான் முதன்முதலாகப் படிக்கிறார், அதையும் தப்பாக.