நான் போட்ட சிவப்பு வட்டம்

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேலே மூன்று அறைகள். அதுதான் எங்கள் செய்தித் தொலைக்காட்சி. ஒரு அறையில் மட்டும் குளிரூட்டி இருந்தது. அதையும் செய்தி வாசிக்கும் நேரத்தில் நிறுத்திவிடவேண்டும், இல்லாவிட்டால் அது போடுகிற இரைச்சலில் என் குரல் கேட்காது. முதுகில் வேர்வை ஒழுக, முகத்தில் பவுடர் கலையாமல் வடமாகாணத்தின் அத்தனை துயரங்களையும் வாசித்திருக்கிறேன். செய்தி எழுதுவதும் நான்தான், வந்த காட்சிகளை வெட்டி ஒட்டுவதும் நான்தான். சம்பளத்துக்காகத்தான் அங்கே கிடந்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது.

செய்தி ஆசிரியர் ஐம்பது தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணை. இரத்தம் காட்டக்கூடாது, பிரேதம் காட்டக்கூடாது, அழுகிற தாயின் முகத்துக்குக் கிட்டக் கமெராவைக் கொண்டுபோகக்கூடாது என்று தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். பிறகு ஊரில் போன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் செய்தியாளர்கள் ஆனார்கள். நாங்கள் மாலையில் சொல்வதைச் சனம் காலையிலேயே பேஸ்புக்கில் பார்த்து முடித்துவிடும். முதலில் இரத்தத்தை மங்கலாக்கிக் காட்டினோம். பிறகு அந்த மங்கலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வழக்கு வராமல் இருக்க ஒரு மருந்தும் கண்டுபிடித்தோம், அதுதான் கேள்விக்குறி. 'ஊழலா?' 'கொலையா?' என்று போட்டுவிட்டால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கத்தானே செய்தோம். ஊடகக் கூட்டங்களில் எங்களைக் கிழித்து எடுத்தார்கள். அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார், இரண்டு நாள் திருந்தியிருப்போம், மூன்றாம் நாள் பழையபடி.

அந்த வருடம் ஒரு கோயில் தேர்த்திருவிழாவில் நாலைந்து பெண்களின் சங்கிலிகள் களவு போயின. பொலிசாருக்கு யாரும் அகப்படவில்லை. எங்கள் கமெராக்காரர் அன்று முழுவதும் தேரைப் படம் பிடித்திருந்தார். யாருக்கும் கிடைக்காதது நமக்குக் கிடைக்காதா என்ற ஆசையில் நான் அந்தக் காட்சிகளைத் துருவிக்கொண்டு இருந்தேன். ஓரிடத்தில் நெரிசலுக்குள் ஒரு அம்மாவின் கை, முன்னால் நின்ற இளம் பெண்ணின் பிடரியில் போய்ச் சங்கிலியைப் பிடித்தது. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

ஐந்து விநாடியை வெட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். அந்த அம்மாவின் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். நெஞ்சு திடுக்கிடுகிற மாதிரி ஒரு பறையொலியும் சேர்த்து, 'சங்கிலி அறுத்தது இவரா?' என்று எழுதினேன். அண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"நிச்சயமோ தங்கச்சி?"

"கேள்விக்குறி போட்டிருக்கிறன் அண்ணை."

அவர் தலையாட்டினார். அன்று அதை நான்கு முறை ஒளிபரப்பினோம். பேஸ்புக்கில் அது எங்கள் கையை விட்டே போய்விட்டது. ஊர் முழுவதும் எங்களைப் பற்றிக் கதைக்கிறது என்ற சந்தோசப் புளுகத்தில் அன்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மா படியேறி வந்தார். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. காட்சியில் கட்டியிருந்த அதே மரூன் சேலை, அதே கடுகு நிறக் கரை.

"உந்தச் சீலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தனான். ஆள் மாறி வந்து கதைக்கிறாள் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. ஆர் பிள்ளை உந்த வட்டம் போட்டது?"

"நான்தான் அம்மா." நான் எழுந்து நின்றேன்.

அவர் வல்வெட்டித்துறைப் பக்கம். ஊர்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பவர். "ஒன்பது வருசமாச் சமைக்கிறன். பள்ளிக்கூட அதிபர் சொல்லுறார், கதை அடங்கும் மட்டும் வீட்டிலை நில்லுங்கோ எண்டு. களவெடுக்கிறவளின்ரை கையாலை எங்கடை பிள்ளையள் சாப்பிடுறதோ எண்டு தாய்மார் கேக்கினமாம்." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. பிறகு என்னையே பார்த்தார். "அந்தப் பெட்டையின்ரை சங்கிலி வெளியிலை கிடந்தது. உள்ளுக்கை விட்டுவிட்டன். நீங்கள் ஒருநாளும் செய்யேல்லையோ?"

செய்திருக்கிறேன். எத்தனையோ தரம். எனக்கும் செய்திருக்கிறார்கள். எங்கள் கோயில்களில் முன்னால் நிற்கிற பெண்ணின் சங்கிலி வெளியே தெரிந்தால், பின்னால் நிற்பவள் அதை எடுத்துச் சட்டைக்குள் விட்டு, சேலைத் தலைப்பையும் இழுத்து மூடிவிடுவாள். ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. களவைத் தேடிக்கொண்டு இருந்ததால் களவுதான் கண்ணில் பட்டது.

அண்ணை அவருக்குக் கதிரை போட்டு, பிளேன்ரீ கொடுத்து, "திரையிலை கீழை ஓடுற வரியிலை திருத்தம் போடுறம் அம்மா" என்றார்.

"ஓடுற எழுத்தை ஆர் வாசிக்கினம்? என்னைப் படத்திலை காட்டினியள். படத்திலைதான் அதைக் கழுவவேணும்."

அண்ணை சுவரில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே எங்களைக் கிழிக்கிறவர்களுக்கு நாங்களே கத்தரிக்கோலை எடுத்துக் கொடுக்கவேண்டும். எனக்கும் அந்த ஓடுகிற வரி போதும் போலத்தான் இருந்தது. அந்தக் கோழைத்தனத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் கணினியில் முழுக் காட்சியையும் எடுத்துப் போட்டேன். நான் வெட்டிய இடத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அதுவரை நான் பார்த்திருக்கவில்லை.

கை சங்கிலியைச் சட்டைக்குள் விட்டது. சேலைத் தலைப்பை இழுத்து மூடியது. அந்தப் பெண் திரும்பிச் சிரித்து ஏதோ சொன்னாள். அம்மா அவள் தலையில் சரிந்திருந்த பூவை நிமிர்த்தி வைத்தார். பிறகு இருவரும் தேரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். எல்லாமாக ஒரு நிமிடம்கூட இல்லை.

"என்ரை முதுகு உவ்வளவு அகலமோ?" என்றார் அம்மா.

அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுறதைப் பிறகு பாப்பம் பிள்ளை. முதல்லை உந்தப் படத்தைப் போடுங்கோ."

அன்று மாலை அதுதான் எங்கள் முதல் செய்தி. பறையொலி இல்லை, வட்டம் இல்லை, முழுக் காட்சியும் அதன் வேகத்திலேயே போனது. "அந்த வட்டத்தைப் போட்டது நான். அது பிழை" என்று வாசித்தேன். ஒருநாளும் திரைக்கு வராத அண்ணை, சேர்ட்டுக் கொலரை நிமிர்த்திக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். "அதை ஒளிபரப்ப விட்டது நான். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். கமெராவைப் பார்ப்பதற்குப் பதிலாக மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த மனிதரில் எனக்கு எத்தனையோ மனத்தாங்கல் உண்டு. அன்று மட்டும் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

அடுத்த வாரம் அம்மா எங்கள் செய்திக் கந்தோருக்குப் போன் எடுத்தார். அதிபர் வரச் சொல்லிவிட்டாராம், திங்கட்கிழமை தொடக்கம் சமைக்கிறாராம். நான் சந்தோசத்தில் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"ஒண்டு சொல்லவேணும் பிள்ளை. வெள்ளிக்கிழமை எங்கடை அம்மன் கோயிலுக்குப் போனனான். முன்னாலை ஒரு பிள்ளை, சங்கிலி முழுக்க வெளியிலை. கை போச்சுது. பாதியிலை தானா நிண்டிட்டுது. ஒண்டும் சொல்லாமல் வீட்டை வந்திட்டன். அதுக்கு என்ன திருத்தம் போடுவியள்?"

போனை வைத்துவிட்டு, அவர் கேட்டதை அப்படியே அண்ணையிடம் சொன்னேன். "அதுக்குத் திருத்தம் போடேலாது தங்கச்சி" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மினிபஸ் ஏறினேன். அவருடைய அம்மன் கோயிலில் மாலைப் பூசைக்குச் சனம் சேர்ந்திருந்தது. அம்மா ஒரு தூணருகே நின்றார். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். நான் அவருக்கு முன்னால் போய் நின்று, சங்கிலியை வெளியே இழுத்து விட்டேன்.

மணி அடித்தது. திரை விலகியது. சனம் நெருக்கியது. பின்னால் ஒரு அசைவும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தீபம் காட்டி முடிந்தது. அவர் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது வெங்காய மணத்தோடு இரண்டு விரல்கள் என் பிடரியில் பட்டன. சங்கிலி சட்டைக்குள் போனது. சேலைத் தலைப்பு வெடுக்கென்று இழுபட்டது. மண்டையில் ஒரு குட்டும் விழுந்தது.

"இவ்வளவு சனத்துக்கை இப்பிடியே வந்து நிக்கிறது? உனக்கு அறிவில்லையோ?"

"இல்லை அம்மா" என்றேன். அன்று நான் அம்மனைச் சரியாகக் கும்பிடவில்லை. கண் நிறைந்துபோய் ஒன்றும் தெரியவில்லை.