பெட்டிக்குள் இல்லாத சில்லு

ரயில் கார்டாக இருந்து இளைப்பாறிய நல்லைநாதன் வாய் பொல்லாத மனிதர்; யாரையாவது ஏசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சண்டிலிப்பாய் வீட்டு அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மாதிரி ரயில்கள்தான் அவருடைய உயிர். லண்டனிலிருந்து மகன் அனுப்புவான். ஆனால் வருவதெல்லாம் உடைந்துதான் வரும். ஒன்றுக்குப் புகைபோக்கி இராது, இன்னொன்றுக்கு அடியில் உருளும் சில்லு இராது.

ஏச்சு முழுக்கப் பார்சல் கொண்டுவரும் நிரோஜனுக்கு. "நாசமறுவானே, எறிஞ்செறிஞ்சோடா கொண்டு வாறாய்?" என்று வாசல் படலையில் வைத்துக் கத்துவார். அதோடு விட்டாரா? மேலிடத்துக்கும் முறையிட்டார். நிரோஜனின் வேலை போயிற்று.

அடுத்த பெட்டியைப் புதியவன் ஒருவன் கொண்டுவந்தான். அதிலும் ஒரு சில்லைக் காணவில்லை. நல்லைநாதன் பெட்டிக்குள் இருந்த காகிதங்களை உதறி உதறித் தேடினார்.

"ஏனப்பா தேடுறியள்?" என்றாள் மனைவி புஷ்பமலர். "வழியிலை உடைஞ்சதெண்டால் சில்லு பெட்டிக்குள்ளை எல்லோ கிடக்கும்? உடைஞ்சதைத்தான் உங்கடை மகன் மலிவா வாங்கி அனுப்புறான். எனக்கு முதல் பெட்டியிலேயே விளங்கிட்டுது."

"அப்ப ஏனடி சொல்லேல்லை?"

"அந்தப் பொடியனை ஏசத் தொடங்கின நாளிலை இருந்து நீங்கள் என்னை ஏசேல்லை."