வெள்ளம் போக ஒரு குழாய்

காலை 6.10. நாகர்கோவிலில் மார்த்தாண்டம் பேருந்தில் ஏறினேன். மார்த்தாண்டத்திலிருந்து தெற்கே சுமார் எட்டு கிலோமீட்டரில் புதுக்கடை. மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை. மதுரையில் பல வருடங்களாக மழையைத் தேதிவாரியாக நோட்டில் குறித்து வருபவன் நான். மழைக்கு முன்பே ஓர் ஊர் எப்படித் தயாராகிறது என்று பார்க்க விரும்பினேன்.

“மழ வரும்போ எல்லாவனும் வீட்டுக்குப் போவான். நீங்க மழையத் தேடிப் போறியளோ?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

8.25. புதுக்கடைச் சந்திப்பில் தேநீரும் ஏத்தன்பழ பஜ்ஜியும் இருபத்தைந்து ரூபாய், ஆட்டோவுக்கு எழுபது. தோட்டத்து வீட்டு வாசலில் இறங்கியதும் தங்கலீலா, “வெள்ளம் வேணுமா அண்ணா?” என்று கேட்டார். திடுக்கிட்டேன். சொம்பு கைக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது: இந்தப் பக்கம் தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் பெயர்.

தங்கலீலா என் பழைய சக ஊழியரின் தங்கை. முந்நூறு ஏத்தன் வாழை வைத்திருக்கிறார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தோட்டத்தை மொத்தமாகச் சாய்த்தது. அதன்பின் காற்று எச்சரிக்கை வந்தால் முதலில் இலைகளைக் கழித்துவிடுகிறார். 2021 நவம்பர் மழையில் மரங்கள் நின்றன. ஆனால் மூன்று நாள் தேங்கிய தண்ணீரில் வேர் அழுகியது. இப்போது வரிசைதோறும் வாய்க்கால். எல்லாம் சேரும் தாழ்ந்த மூலையில் பக்கத்து வீட்டு மதில்; மதிலடியில் ஒரு குழாய். அதன் வழியே தண்ணீர் அப்பால் உள்ள ஓடைக்குப் போக வேண்டும்.

9.05. அந்தக் குழாய்க்குள் கம்பை விட்டுப் பார்த்தார். ஒரு முழத்தில் முட்டியது.

“ஸ்டீபா! குழாய்க்குள்ள என்ன வச்சிருக்க?”

மஸ்கட்டிலிருந்து திரும்பி மதில் கட்டிய ஸ்டீபன் பல்துலக்கியபடி எட்டிப் பார்த்தார். “சாக்கு, அக்கா. பாம்பு கேறி வருது. சின்னப் பிள்ளை உள்ள வீடாக்கும்.”

“முந்நூறு வாழை மக்கா. அடுத்த மாசம் குலை வெட்டணும். வெள்ளம் நின்னா எல்லாம் போச்சி.”

“பாம்பு கடிச்சா?”

தங்கலீலா கோழிக்கூட்டுக்குப் போட்டதில் மிஞ்சிய கம்பிவலையை எடுத்து வந்தார்.

“சருகு வந்து அடச்சிருமே அக்கா?”

“சருகு அடச்சா நான் வாருவேன். பாம்பு வந்தா நீ பேசி அனுப்பு. அரபிக்காரன்கிட்டயே பேசினவன்தானே!”

ஸ்டீபன் சிரித்துவிட்டார். சாக்கு ஊறி இறுகியிருந்தது. நானும் அவரும் சேர்ந்து இழுக்க வேண்டியதாயிற்று. வாய்ப்புறத்தில் வலையை வைத்துக் கட்டினோம்.

11.40. மழை பிடித்தது. ஒரு மணிக்கு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர்; குழாய் இரைந்தது. தங்கலீலா இரண்டு முறை போய்ச் சருகு வாரினார். மூன்றாம் முறை கிளம்பியபோது, மழைக்கோட்டுப் போட்ட ஸ்டீபன் ஏற்கெனவே அங்கே குனிந்திருந்தார்.

4.15. மழை விட்டது. வாழை வரிசைகளுக்கிடையே மண் தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் நோட்டைப் புரட்டினேன். என் வீட்டுப் பின்மதிலின் துளையை, பெருச்சாளி வருகிறதென்று, நானே சிமெண்ட் பூசி அடைத்த தேதி அதில் இருக்கிறது. அந்தத் துளை வழியே யார் வீட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்பது இல்லை. மார்த்தாண்டம் வருவதற்குள் மனைவியை அழைத்து, துளையைத் திறக்க நாளைக்கே கொத்தனாரை வரவழைக்கச் சொன்னேன். வலைக்குக் கவலையில்லை, பகலில் பெருச்சாளிக் கதையைச் சொன்னபோதே தங்கலீலா ஒரு துண்டு வெட்டி என் பையில் வைத்திருந்தார்.