பத்து கட்டத்துக்கு முப்பத்தொன்று

வெல்டிங் வேலை கண்ணைக் கெடுக்கும் என்பார்கள். என் கண்ணை நெருப்பு ஒன்றும் செய்யவில்லை, வருகிறவர்கள் போடும் கணக்கைக் கேட்டுத்தான் இருட்டிக்கொண்டு வருகிறது. கச்சிராயபாளையம் ரோட்டில் என் பட்டறை. நான் வெட்டி ஒட்டுவேன். என் மனைவி செல்வி துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடித்து, மீதித் துண்டுகளைக் கட்டி ஒப்படைப்பாள். எங்கள் பக்கம் பைப்பை வேலை கொடுப்பவரே வாங்கி வந்து போடுவார். அதனால் ஒரு துண்டு குறைந்தாலும் எங்களுக்குத் திருட்டுப் பட்டம்தான். பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

வேலிக்குப் பதில் சதுரச் சதுரக் கட்டமாகப் போடும் பைப்புத் தடுப்பின் கணக்கு எளிது. எல்லாத் துண்டும் நாலடி. முதல் கட்டத்துக்கு நிற்கிற கால் ரெண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக நாலு. அடுத்த கட்டத்துக்கு மூன்று போதும். ஒரு கால்தான் ஏற்கெனவே நிற்கிறதே! பத்து கட்டத்துக்கு முப்பத்தொன்று. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஒன்பது துண்டு

மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி ஒருவர் பத்து கட்டத்துக்கு நாற்பது துண்டு வருகிற மாதிரி இருபதடிப் பைப்பு எட்டு இறக்கினார். வேலை முடிந்து ஒன்பது துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். சந்தோஷப்பட வேண்டாமா? முகம் சிவந்துவிட்டது. நான் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டேனாம். ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டினேன், நாலு பக்கமும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எனுக்குத் தெரியாது. அந்த ஒம்போதையும் எங்கனா வெச்சு ஒட்டிக் குடு."

கணக்கு வாத்தியார்

திருக்கோவிலூரில் கணக்கு வாத்தியார் அவர். ஐந்து கட்டம் கேட்டார், பதினாறு துண்டு ஆனது. மறுநாள் அதோடு இன்னும் ஐந்து சேர்த்து நீட்டச் சொல்லி, இன்னொரு பதினாறு துண்டு கொண்டு வந்தார். ஒன்று மிஞ்சியது. "ஐந்துக்குப் பதினாறுன்னா பத்துக்கு முப்பத்திரண்டுதானே?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்! தீக்குச்சி அடுக்கி இதே பாடத்தைப் பிள்ளைகளுக்கு நடத்துகிற மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "அது கிளாசுக்குங்க. இது வூடு."

கிணற்றைச் சுற்றி

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். கிணற்றைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டம். முப்பத்தேழு துண்டு என்றேன். முப்பத்தாறு போதும் என்றார். எனக்கே கணக்கா என்று கத்திவிட்டேன். அவர் தரையில் கிடந்த எரிந்த வெல்டிங் ராடு முனைகளைப் பொறுக்கினார். கட்டம் கட்டமாக அடுக்கி, வளைத்துக் கொண்டுவந்து ஆரம்பத்திலேயே சேர்த்தார். அன்றைக்கு என்மேல்தான் எனக்குக் கோபம். நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "சுத்தி வந்தா மொதக் காலுதானே கடைசிக் காலு. இன்னொண்ணு எதுக்குங்க?"

செல்வியின் பை

நிலபுலன் உள்ளவர் ஒருவர் வந்தார். கணக்கு எப்படி என்று என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்: கட்டத்துக்கு மூன்று, கடைசியில் ஒன்று கூட்டு. இருபது கட்டத்துக்கு அறுபத்தைந்து துண்டு வருகிற மாதிரி பைப்பு போட்டார். மீதி நாலு வரவேண்டும் என்பது அவர் கணக்கு. செல்வி மூன்று கொடுத்தாள்.

"ஒண்ணு எங்க போச்சு? கட்டிக் குடுத்தது நீதானே?" என்றவர், நான் மெஷினை நிறுத்திவிட்டு வருவதற்குள் அவள் பையை எடுத்துத் தரையில் கொட்டிவிட்டார். நாலடித் துண்டு அந்தப் பைக்குள் எப்படி அடங்கும் என்றுகூட அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டுத் தூக்கு உருண்டு சோறு சிதறியது. மாத்திரை அட்டை, மாற்று ஜாக்கெட், எல்லாம் ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக் கிடந்தன. செல்வி குனிந்து முதலில் ஜாக்கெட்டைத்தான் எடுத்தாள்.

அந்த ஆளின் கையைப் பிடித்து, ஒட்டி முடித்திருந்த தடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போனேன். நடுவில் கேட் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். கேட்டுக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. ரெண்டும் தனித்தனி வரிசை. ஒவ்வொன்றுக்கும் முப்பத்தொன்று. எண்ணு என்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், அறுபத்திரண்டு. மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அதான் சரியா கீதே, அப்புறம் இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற?"

அன்றிலிருந்து செல்வி பட்டறைக்குப் பை எடுத்து வருவதில்லை, சாப்பாட்டுத் தூக்கையும் மாத்திரையையும் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுகிறாள். நானோ அந்த ஆளுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன், கேட் வைத்தால் மறுபடி ஒன்று கூட்டு என்பதை மட்டும் சொல்லாமல் விட்ட மேதை.